ஆயுளாண்டுக் கணக்கு

1999-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிறந்து ஆறு மாதமே ஆகியிருந்த ஒரு பிரிட்டிஷ் சர்க்கார் ஸ்தாபனம், உலகத்தின் மிகப் பெரிய மருந்துக் கம்பெனிகளுள் ஒன்றான கிளாக்ஸோ வெல்கம் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு மருந்தைப் பற்றி, 'இது வேலை செய்யாது' என்று சொல்லாமல், 'இது ஓரளவு வேலை செய்கிறது. ஆயினும் இந்தக் குளிர்காலத்தில் இதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவது தகாது' என்று சொல்லிற்று. மருந்தின் பெயர் ரெலன்ஸா. இன்ஃப்ளூயென்ஸா ஜுரத்துக்கு மூச்சோடு உள்ளிழுத்துக்கொள்ள வேண்டிய ஒரு தூள். ஒரு முறை சிகிச்சைக்கு அப்பொழுது விலை 24 பவுன். சோதனைகளில் அது நோயின் காலத்தை ஏறக்குறைய ஒரு நாள் குறைத்திருந்தது. ஆனால் அந்த ஜுரத்தால் உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய முதியவர்களும் ஆஸ்துமாக்காரர்களும் அந்தச் சோதனைகளில் சொற்பமாகவே இருந்தார்கள். ஆகவே, யாருக்கு மருந்து அதிகமாகத் தேவையோ அவர்கள் விஷயத்தில் பிரமாணம் குறைவாகவும், யார் நாலு நாள் படுத்திருந்தால் தாமே எழுந்துவிடுவார்களோ அவர்கள் விஷயத்தில் பிரமாணம் நிறைவாகவும் இருந்த விசித்திர நிலை ஏற்பட்டது.

கம்பெனியின் தலைவர் சர் ரிச்சர்ட் சைக்ஸ் கோபங்கொண்டார். இத்தகைய தீர்ப்புகள் தொடருமானால் மருந்துத் தொழில் பிரிட்டனை விட்டே வெளியேற நேரிடும் என்ற எச்சரிக்கை எழுந்தது. அமைச்சர் ஃபிராங்க் டாப்ஸன் அசையவில்லை. நிபுணர்களின் முடிவை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டில் கூடுதலான பிரமாணங்கள் வந்தபிறகு, ஆபத்துக்குரியவர்களுக்கு மட்டும், ஜுரம் ஊரில் பரவியிருக்கும் காலத்தில் மட்டும், அம்மருந்தைக் கொடுக்கலாம் என்று அதே ஸ்தாபனம் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. அந்த ஸ்தாபனத்தை எல்லாரும் நைஸ் என்ற சுருக்கப் பெயராலேயே அழைத்தார்கள். அதன் முழுப்பெயர் இதுவரை இருமுறை மாறியிருக்கிறது. சுருக்கப் பெயர் மட்டும் மாறவில்லை. முதல் தலைவராயிருந்த மைக்கேல் ராலின்ஸ், நியூகாசில் சர்வகலாசாலையில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர்; பதின்மூன்று ஆண்டுக்குமேல் அப்பதவியில் அமர்ந்து, பத்திரிகைகளின் வசைகளையும் கம்பெனிகளின் வழக்குகளையும் நிதானமாக ஏற்றுக்கொண்டார்.

ஒரு மருந்தை விற்க அநுமதிப்பது ஒரு விஷயம். அதைப் பொதுப்பணத்தில் வாங்கிக் கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம். முதலாவதற்கு, மருந்து தரமானதா, தீங்கற்றதா, குணம் தருகிறதா என்று பார்த்தால் போதும்; மருந்தில்லாப் பொய்மாத்திரையைவிட ஏதோ கொஞ்சம் மேலானது என்று நிரூபித்தாலே பல சமயங்களில் அநுமதி கிடைத்துவிடும். நைஸ் கேட்கும் இரண்டாவது கேள்வியோ, இப்பொழுது நம் கையில் இருக்கும் சிகிச்சையைவிட இது எவ்வளவு மேலானது, அந்த மேன்மைக்கு எவ்வளவு பணம் கேட்கிறார்கள், அந்தப் பணத்தை இதற்குக் கொடுத்துவிட்டால் வேறு எது நின்றுபோகும் என்று மூன்று படிகளாக இறங்குகிறது. மூன்றாவது படியில்தான் வழுக்கல் அதிகம் என்பதால், அதை நான் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

இக்கேள்விகளின் வேர் பஞ்சத்தில் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைஸின் என்ற மருந்து அமெரிக்காவில் கிடைத்தபோது, அதை வாங்கப் பிரிட்டனிடம் டாலர் இல்லை. வந்த மருந்தோ சிலருக்கே போதும். அவ்வாறு எல்லாருக்கும் கொடுக்க இயலாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதை டாக்டரின் தயவுக்கு விடாமல் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தால் அநியாயம் எதுவும் நேராது என்றும், அதோடு மருந்தின் குணத்தையும் ஐயமறக் கண்டுகொள்ளலாம் என்றும் புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் கண்டார். 107 நோயாளிகள், மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர் 4 பேர், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14 பேர். 1948-இல் வெளியான இந்த ஆராய்ச்சியே நவீன மருத்துவச் சோதனை முறையின் தொடக்கம் என்று கொள்ளப்படுகிறது.

இதே பரம்பரையில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தில், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார ஸ்தாபனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார் ஆகிய நான்கும் சேர்ந்து, வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டரின் தலைமையில் நடத்திய சோதனை, 'மருந்து வேலை செய்கிறதா' என்று கேட்கவில்லை. அது அப்பொழுதே தெரிந்த சங்கதி. 'சானடோரியத்தில் ஒரு கட்டிலும், முட்டையும் பாலும், மாசற்ற காற்றும் அவசியந்தானா, அல்லது நெருக்கமான குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, அதே மாத்திரையை ஓர் ஆண்டு தவறாமல் விழுங்கினால் போதுமா' என்றே அது கேட்டது. 193 நோயாளிகளைச் சீட்டுப்போட்டு வீட்டுக்கும் சானடோரியத்துக்குமாகப் பிரித்துப் பார்த்ததில், இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியாயிற்று. அதன்பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு கட்டிலின் விலையையும் அது தரும் பயனையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்த யுக்தியைத்தான் இன்று வேறு பெயர்களில், வேறு ஆடம்பரங்களுடன் செய்துவருகிறோம். 2017-இல் இந்திய சர்க்கார் தொடங்கிய மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பின் மையங்களுள் ஒன்று அந்தப் பழைய நிலையத்தின் வாரிசான ஆராய்ச்சி நிறுவனத்திலேயே அமைந்திருப்பதும் பொருத்தமே.

ஆயினும், வீடும் சானடோரியமும் ஒரே வியாதிக்கான இரண்டு வழிகள். அவற்றை ஒப்பிடுவது எளிது. தேய்ந்துபோன இடுப்பு மூட்டை மாற்றுவதையும், சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் மும்முறை இரத்தம் சுத்திகரிப்பதையும் எப்படி ஒப்பிடுவது? ஒன்று உயிரைக் காப்பதில்லை. நடையைத் திருப்பித் தருகிறது. மற்றொன்று உயிரைக் காக்கிறது; ஆனால் அந்த உயிரை ஓர் இயந்திரத்தோடு கட்டிவைக்கிறது. இரண்டையும் அளக்க ஒரே அளவுகோல் வேண்டும் என்ற எண்ணம் 1968-இல் ஹெர்பர்ட் கிளார்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் உதித்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஓர் ஆண்டு, இயந்திரத்தோடு வாழும் ஓர் ஆண்டைவிடக் கால்பங்கு அதிக மதிப்புள்ளது என்று அவர்கள் தங்கள் ஊகத்தாலேயே வைத்துக்கொண்டார்கள். ஊகந்தான், ஆனால் கணக்கில் எழுதப்பட்ட ஊகம். எழுதப்பட்டதை எவரும் எடுத்து மறுக்கலாம் என்பதே அதன் விசேஷம்.

பிறகு அந்த அளவுகோலுக்குத் 'தரத்தால் திருத்திய ஆயுளாண்டு' என்ற பொருள்தரும் நீண்ட பெயர் ஏற்பட்டு, அது சுருங்கிக் குவாலி என்றாயிற்று. பூரண சுகத்தோடு ஓர் ஆண்டு வாழ்ந்தால் ஒரு குவாலி, பாதி சுகத்தோடு இரண்டாண்டு வாழ்ந்தாலும் ஒரு குவாலி, மரணம் பூஜ்யம். இங்கிலாந்தில் இதைப் பிரபலப்படுத்தியவர் யார்க் சர்வகலாசாலையின் ஆலன் வில்லியம்ஸ். 1985-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இடுப்பு மூட்டு மாற்றத்தால் ஒரு குவாலி பெற ஆகும் செலவு 750 பவுன் என்றும், ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பால் ஒரு குவாலி பெற 14,000 பவுன் என்றும் கணக்கிட்டுக் காட்டியபோது, டாக்டர்களுள் ஒரு சாரார் வியந்தார்கள். மற்றொரு சாரார் ஒரு கணக்கப்பிள்ளை ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்துவிட்டதாகவே கருதினார்கள்.

சுகத்தின் பங்கை எப்படி எண்ணாக்குகிறார்கள் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஈக்யூ-5டி என்னும் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நடமாட்டம், குளித்து உடுத்தும் சொந்தக் காரியங்கள், அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்தே தலைப்புகள். பழைய வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் கஷ்டம் இல்லை, சிறிது கஷ்டம், மிகுந்த கஷ்டம் என்று மூன்று விடைகள். ஆக 243 நிலைகள். 1993-இல் யார்க் அறிஞர்கள் பிரிட்டனின் பொதுஜனங்களுள் ஏறக்குறைய 3,000 பேரின் வீடுகளுக்கு ஆளனுப்பி, ஒரு பலகையை முன்னால் வைத்து, விநோதமான ஒரு பேரத்தைப் பேசச் செய்தார்கள். 'இன்னின்ன கஷ்டங்களோடு நீங்கள் பத்தாண்டு வாழ்ந்து இறப்பீர்கள். அதற்குப் பதிலாக, பூரண சுகத்தோடு ஆனால் குறைந்த காலமே வாழலாம் என்றால், எத்தனை ஆண்டுக்குச் சம்மதிப்பீர்கள்?' ஒருவர் ஏழாண்டு என்று சொன்னால், அந்த நிலையின் மதிப்பு பத்தில் ஏழு. இத்தனை பேரின் பேரங்களையும் சேர்த்துக் கூட்டிக் கழித்து உருவாக்கிய பட்டியலின்படி, நடப்பதில் சிறிது கஷ்டமும் மிதமான வலியும் உள்ளவர், மற்ற மூன்றிலும் குறையில்லாதவராயின், அவருடைய நிலையின் மதிப்பு 0.727. ஐந்திலும் மிகுந்த கஷ்டமுள்ளவரின் மதிப்போ பூஜ்யத்துக்கும் கீழே, கழித்தல் 0.594. அதாவது, அந்த நிலையில் வாழ்வதைவிட மரணமே மேல் என்று அந்தப் பொதுஜனங்கள் கருதினார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆக்ஷேபணை எழுகிறது. பேரம் பேசியவர்கள் பெரும்பாலும் அந்தக் கஷ்டங்களை அநுபவித்தறியாதவர்கள். நீண்டநாள் நோயோடு வாழ்பவர் பலர் தங்கள் வாழ்வுக்கு, வெளியே நின்று பார்ப்பவர் தரும் மதிப்பைவிட அதிக மதிப்பே தருகிறார்கள். வரிப்பணம் பொதுஜனங்களுடையதாகையால் அவர்கள் அபிப்பிராயமே செல்லும் என்று நைஸ் சமாதானம் சொல்லும். எனக்கு அந்தச் சமாதானம் பாதிதான் திருப்தியளிக்கிறது. அங்கஹீனர்களின் உயிரை நீட்டிக்கும் மருந்து, அவர்களுடைய ஆண்டுகள் முழு ஆண்டாக எண்ணப்படாததாலேயே, கணக்கில் மட்டமாகத் தோன்றிவிடும் என்ற குறையும் தீர்ந்தபாடில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தன் புதிய ஆராய்ச்சி ஸ்தாபனம் குவாலிக் கணக்கை வரம்பாகப் பயன்படுத்தக்கூடாது என்று தடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் கணக்கு. ஒரு புற்றுநோய்க்கு இப்பொழுதுள்ள சிகிச்சையில் நோயாளி ஓராண்டு, பாதி சுகத்தோடு வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: அரை குவாலி. புதிய மருந்தில் இரண்டாண்டு, 0.7 சுகத்தோடு வாழ்கிறார்: 1.4 குவாலி. லாபம் 0.9. புதிய மருந்துக்கு 27,000 பவுன் அதிகமாக ஆகுமானால், ஒரு குவாலியின் விலை 30,000 பவுன். நைஸ் வெகுகாலம் கடைப்பிடித்துவந்த வரம்பு 20,000 முதல் 30,000 பவுன் வரை; ஆகவே இந்த மருந்து வரம்பின் மேல்விளிம்பில் நிற்கிறது. பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்கு அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் அந்த 'இரண்டாண்டு' என்ற எண்ணை எங்கிருந்து பெறுவது என்பதில் இருக்கிறது. ஏனெனில் சோதனை பதினெட்டு மாதத்தில் முடிந்துவிடும், நோயாளிகளோ அதன்பிறகும் வாழ்ந்துகொண்டிருப்பார்கள், அவர்களுடைய எஞ்சிய ஆயுளை ஒரு வளைகோட்டை நீட்டித்தான் ஊகிக்க வேண்டும். ஆயிரம் கற்பனை நோயாளிகளைக் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, மாதத்துக்கு மாதம் இத்தனை பேர் நலமாக, இத்தனை பேர் நோய் முற்றி, இத்தனை பேர் இறந்து என்று நகர்த்திக்கொண்டு போவார்கள். இம்முறைக்குப் பெயர் தந்த ருஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ், புஷ்கினின் காவியமொன்றில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் மாறிமாறி வரும் ஒழுங்கை எண்ணிக்கொண்டிருந்தவர். தம் கணக்கு ஒருநாள் நோயாளிகளை எண்ணும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

இந்தக் கற்பனை நோயாளிகள் எவ்வளவு நிஜமான வழக்குக்குக் காரணமாகலாம் என்பதை டோனெபெஸில் என்ற அல்ஸைமர் நோய் மருந்தின் சரித்திரம் காட்டுகிறது. ஞாபகசக்தி படிப்படியாக அழியும் அந்த நோயைக் குணப்படுத்த அம்மருந்தால் இயலாது. சில மாதங்களுக்குத் தேய்வை நிதானப்படுத்த இயலும். அப்பொழுது அதன் விலை நாளொன்றுக்கு இரண்டரைப் பவுன். 2001-இல் நைஸ் அதை அநுமதித்தது. 2005-இல் மீண்டும் பரிசீலித்தபோது, சௌதாம்ப்டன் சர்வகலாசாலைக் குழு ஒன்று தயாரித்த மாதிரிக் கணக்கின்படி, நோயாளி முழுநேரப் பராமரிப்புக்குப் போய்ச்சேரும் நாளை மருந்து அதிகமாகத் தள்ளிப்போடவில்லை என்று கண்டு, எவருக்குமே வேண்டாம் என்று முதலில் ஒரு வரைவை வெளியிட்டது. பெரும் கூக்குரல் எழுந்தது. மறு ஆண்டில், நோய் நடுத்தர நிலையை அடைந்தவர்களுக்கு மட்டும் தரலாம், ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்குக் கூடாது என்று முடிவாயிற்று. இன்னும் கொஞ்சம் மறதி முற்றட்டும், பிறகு வாருங்கள் என்று ஒரு கிழவரைத் திருப்பியனுப்பும் கடமை டாக்டர்கள் தலையில் விழுந்தது.

நடுத்தர நிலை எது என்று கண்டறிய முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு வாய்மொழிப் பரீட்சை இருந்தது: இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டல், ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துவரை சொல்லச் செய்தல் என்று இவ்விதமாக. மதிப்பெண் இருபதுக்கும் பத்துக்கும் இடையே இருந்தால் மருந்து உண்டு. ஆனால் ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒரு மூதாட்டி, அறிவு மங்காமலேயே அந்தச் சொல்லில் தடுமாறலாம். நிறையப் படித்த ஒரு பேராசிரியர், நோய் முற்றியும் இருபத்தைந்து வாங்கிவிடலாம். மருந்தைத் தயாரித்த எய்ஸாய் கம்பெனி தொடுத்த வழக்கில், 2007-இல் உயர்நீதிமன்றம், பிறமொழிக்காரருக்கும் கற்கும் திறன் குன்றியவருக்கும் இந்த எல்லைக்கோடு பாரபட்சமானது என்று கண்டு, வழிகாட்டியைத் திருத்தச் சொல்லிற்று. லண்டனில் வாழும் நம்மவர் உட்பட, பிறமொழி பேசும் முதியவர் அநேகரைத் தொட்ட தீர்ப்பு அது.

கம்பெனியின் மற்றொரு புகாரோ இன்னும் ரசமானது. சௌதாம்ப்டன் கணக்கு ஓர் எக்செல் ஏட்டில் இருந்தது. நைஸ் அதைக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. ஆனால் பார்க்கமட்டுமே முடியும்படி பூட்டிக் கொடுத்திருந்தது. ஓர் எண்ணை மாற்றினால் விடை எப்படி மாறுகிறது என்று இயக்கிப் பார்க்க வழியில்லை. பார்த்தால் போதாதா என்றது நைஸ். இயக்கிப் பார்க்காமல் பிழை எங்கே என்று எப்படிச் சொல்வது என்றது கம்பெனி. உயர்நீதிமன்றம் இந்தப் புகாரைத் தள்ளியது; 2008 மே மாதத்தில் அப்பீல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பொதுமக்களின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் கணக்கு, அதனால் பாதிக்கப்படுபவர் கையிலெடுத்துச் சோதிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2011-இல், புதிய பிரமாணங்களையும் புதிய கணக்கையும் ஆதாரமாகக் கொண்டு, ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கும் மருந்து உண்டு என்று நைஸ் மறுபடியும் திருத்திக்கொண்டது. அந்தப் பூட்டிய ஏட்டைத் திறக்கச் சொன்ன தீர்ப்பு, நைஸின் வேறெந்த வெற்றியைவிடவும் அந்த ஸ்தாபனத்துக்கு நன்மை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், எண் ஒருபோதும் தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. இருபது முப்பது பேர் அமர்ந்த ஒரு குழுவே சொல்கிறது: டாக்டர்கள், புள்ளியியலார், பொருளாதாரம் அறிந்தவர்கள், தொழில்துறையினர், எந்தத் துறையிலும் சேராத சாமானியர் சிலர். கம்பெனி தன் பிரமாணங்களைச் சமர்ப்பிக்கும். கம்பெனியோடு சம்பந்தமில்லாத ஒரு சர்வகலாசாலைக் குழு அவற்றை வரிவரியாகக் குறுக்கு விசாரணை செய்து, எந்த ஊகம் மிகையானது, எந்த வளைகோடு வசதிக்காக மேலே தூக்கப்பட்டது என்று எழுதிக் கொடுக்கும். அந்த நோயோடு வாழும் ஒருவர் வந்து, கேள்வித்தாளின் ஐந்து தலைப்புகளிலும் அடங்காத சங்கதிகளை, அதாவது இரவில் எத்தனை முறை எழவேண்டியிருக்கிறது, வேலையை எப்பொழுது விட்டேன், குழந்தையை ஏன் தூக்க முடியவில்லை என்பவற்றைச் சொல்வார். சபையில் பொதுஜனங்களும் பத்திரிகைக்காரர்களும் இருந்து கேட்கலாம். இரண்டாம் பகுதியில் மட்டும் கதவு சாத்தப்படும். ஏனெனில் கம்பெனிகள் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைக்கு இரகசியமாகத் தரும் தள்ளுபடி விலை அங்கே பேசப்படுகிறது. மருந்தின் அச்சிட்ட விலை எல்லாருக்கும் தெரியும். உண்மையில் கொடுக்கும் விலையோ வரிசெலுத்துபவருக்கே தெரியாது. எல்லாக் காரணங்களையும் பகிரங்கப்படுத்தும் ஒரு முறை, மிக முக்கியமான ஓர் எண்ணை மட்டும் திரைக்குப் பின்னால் வைத்திருப்பது அழகன்று. ஆனால் திரையை விலக்கினால் தள்ளுபடியே கிடைக்காது என்கிறார்கள், அதுவும் பொய்யன்று. வரைவு முடிவு வெளியானபின் எவரும் ஆக்ஷேபணை எழுதலாம். இறுதி முடிவின்மேல் அப்பீலும் உண்டு. சரி என்று தீர்ப்பானால், 2002-ஆம் ஆண்டிலிருந்து, மூன்று மாதத்துக்குள் சுகாதார சேவை அந்த மருந்துக்குப் பணம் ஒதுக்கியே தீரவேண்டும் என்பது சட்டம்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இதுதான் நான் கடைசிக்கு வைத்துக்கொண்ட வழுக்குப்படி. சுகாதார சேவையின் வருஷாந்தரத் தொகை பார்லிமெண்டு நிர்ணயித்தது. புதிய மருந்து வந்ததற்காக அது வளர்வதில்லை. ஆகவே ஏதோ ஓர் ஊரில் ஒரு நர்ஸ் வேலை நிரப்பப்படாமல் இருக்கும். ஒரு மனநோய் விடுதி வாரத்தில் இரண்டு நாள் மூடியிருக்கும். கண்புரை அறுவைக்குக் காத்திருப்போர் வரிசை இரண்டு மாதம் நீளும். இழந்தவர்களுக்குத் தாம் இழந்ததே தெரியாது; சபையில் எழுந்து சாட்சி சொல்ல அவர்களுள் எவரும் வரமாட்டார்கள்; அவர்கள் படம் பத்திரிகையில் வெளிவராது. புதிய மருந்து மறுக்கப்பட்டவருக்கோ பெயருண்டு, முகமுண்டு, குழந்தைகளுண்டு. பெயர் தெரிந்த ஓருயிருக்காக நாம் எதையும் கொடுப்போம், புள்ளிவிவரத்தில் மறைந்திருக்கும் உயிர்களுக்காகச் சில்லறை கொடுக்கவும் தயங்குவோம் என்பதை 1968-லேயே பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் எடுத்துக்காட்டியிருந்தார். அந்தப் பெயரில்லாதவர்களுக்காக வாதாடக் குழுவின் கையில் இருக்கும் ஒரே வக்கீல், அந்த வரம்பு எண்தான்.

அந்த வக்கீலும் கட்சிக்காரர்களை முழுதும் காப்பாற்றவில்லை என்பது 2015-இல் தெரியவந்தது. 20,000, 30,000 என்ற எண்கள் ஆராய்ந்து கண்டவையல்ல, பழக்கத்தால் நிலைத்தவை. யார்க் சர்வகலாசாலையின் கார்ல் கிளாக்ஸ்டனும் கூட்டாளிகளும், சுகாதார சேவையின் வட்டாரவாரியான செலவையும் மரணங்களையும் ஆராய்ந்து, அச்சேவை தன் வழக்கமான வேலைகளால் ஒரு குவாலியை ஏறக்குறைய 12,936 பவுனுக்கே விளைவிக்கிறது என்று மதிப்பிட்டார்கள். மதிப்பீட்டின் முறையைக் குறித்து விவாதம் உண்டு. ஆனால் அது ஏறத்தாழச் சரியென்று கொண்டால், 30,000 பவுனுக்கு ஒரு குவாலி வாங்கும் ஒவ்வொரு சமயத்திலும், முகம் தெரியாதவர்களிடமிருந்து இரண்டுக்கு மேற்பட்ட குவாலிகள் பறிக்கப்படுகின்றன. கடுமையான ஸ்தாபனம் என்று பெயரெடுத்த நைஸ், உண்மையில் தாராளமான ஸ்தாபனம் என்பதே அந்த ஆராய்ச்சியின் உட்பொருள்.

தாராளத்துக்கும் மேலே ஒரு தாராளத்தை அரசியல் செய்தது. நைஸ் மறுத்த புற்றுநோய் மருந்துகளைக் குறித்துப் பத்திரிகைகள் நாள்தோறும் கண்டித்து எழுத, டேவிட் கேமரன் சர்க்கார் 2010-இல் ஒரு தனிநிதியை ஏற்படுத்திற்று. 2011 முதல் ஆண்டுக்கு 200 மில்லியன் பவுன் என்று தொடங்கி, 2016-இல் புனரமைக்கப்படுவதற்குள் ஏறக்குறைய 1.27 பில்லியன் பவுன் செலவாயிற்று. அந்த நிதி அநுமதித்திருந்த 47 மருந்துப் பயன்பாடுகளைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 18-க்கு மட்டுமே ஆயுளை நீட்டித்ததற்கான திடமான பிரமாணம் இருந்தது என்றும், அந்த நீட்டிப்பும் நடுமதிப்பில் 3.1 மாதமே என்றும் 2017-இல் எழுதினார்கள். மற்றவை நோயாளிக்கு நன்மையே செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. செய்தன என்று காட்ட எவராலும் இயலவில்லை என்றே அர்த்தம். மரணத்தை நெருங்கியவர்களுக்கு 50,000 பவுன் வரை போகலாம் என்று நைஸும் 2009-இல் ஒரு சலுகை வைத்திருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டு, எந்த வயதினராயினும் எந்த வியாதியாயினும் நோயின் கடுமைக்கேற்பக் குவாலிக்குக் கூடுதல் எடை தரும் முறையைக் கொண்டுவந்தது. பின்னது முன்னதைவிட நேர்மையானது. புற்றுநோய்க்கு வெளியேயும் மனிதர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

2025 டிசம்பரில், அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒரு வர்த்தக உடன்பாட்டின் பகுதியாக, பிரிட்டிஷ் மருந்து ஏற்றுமதிகளுக்கு அமெரிக்கா தீர்வை விதிக்காமலிருப்பதற்கு ஈடாக, நைஸின் வரம்பை 25,000 முதல் 35,000 பவுன் வரை என்று உயர்த்துவதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது. வரம்பை நிர்ணயிக்க வேண்டியது ஆராய்ச்சியா, பொதுஜன அபிப்பிராயமா என்று கால் நூற்றாண்டாக அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்க, கடைசியில் அதை நிர்ணயித்தது சுங்க வரிப் பேச்சுவார்த்தை. கம்பெனிகள் இதை வரவேற்றன. இதுவரை எல்லைக்கு வெளியே நின்ற சில மருந்துகள் இனி உள்ளே வரும், அவற்றால் சிலர் நிச்சயமாக நன்மையடைவார்கள். யார்க் ஆராய்ச்சி காட்டிய 12,936 என்ற எண்ணுக்கும் வரம்பின் மேல்விளிம்புக்கும் இடையேயுள்ள தூரமோ, ஏறக்குறைய 17,000 பவுனாக இருந்தது, 22,000 பவுனாகியிருக்கிறது.